மூக்கருக்குத் திரும்பி வந்த நாற்றம்

பால் பண்ணையில் அவரை எல்லோரும் 'மூக்கர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வரும் கேன்களின் மூடியைத் திறந்து, குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். "இது புளிச்சது, தள்ளு" என்றால் தள்ளு. இருபது வருஷம் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அப்புறம் சைனஸ் பிடித்தது. எந்நேரமும் மூக்கடைப்பு, கன்னத்துக்குள் கல்லை வைத்த மாதிரி பாரம், தொண்டையில் இறங்கிக்கொண்டே இருக்கும் கொழகொழப்பு. கொஞ்சம் கொஞ்சமாக வாசனை அடியோடு போய்விட்டது. மனுஷன் யாரிடமும் மூச்சு விடவில்லை. சும்மா முகர்கிற மாதிரி குனிந்துவிட்டு, எதிரே நிற்கும் மேஸ்திரியின் முகத்தைப் பார்ப்பார். மேஸ்திரி முகம் சுளித்தால் தள்ளு, இல்லாவிட்டால் ஏற்று.

மேஸ்திரி லீவு போட்ட ஒரு நாள், அவர் 'ஏற்று' என்ற கேனிலிருந்து உப்பி அழுகிய எலி ஒன்று வடிகட்டியில் சொத்தென்று விழுந்தது. இரண்டு பேர் அங்கேயே வாந்தி எடுத்தார்கள். மூக்கர் மட்டும் பக்கத்திலேயே அசையாமல் நின்றார். குட்டு வெளிப்பட்டுவிட்டது. கேன் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள்.

மாத்திரை, ஸ்ப்ரே எதுவும் பலிக்கவில்லை. டாக்டர் அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கு அனுப்பினார். அங்கிருந்த பிசியோதெரபி அம்மா கன்னத்திலும் புருவத்துக்கு மேலும் ஜெல்லைத் தடவி, டார்ச் மாதிரி ஒரு கருவியை வட்டம் வட்டமாகத் தேய்த்தார்.

"ஸ்கேனாம்மா இது?"

"இல்லைங்க, இது சிகிச்சை. ஒலி அலையில உள்வீக்கம் வடியுதான்னு பார்ப்போம். சிலருக்குக் குணமாகும், சிலருக்கு ஆகாது."

முகமெல்லாம் நத்தை ஊர்ந்த மாதிரி பிசுபிசுத்தது. ஆறு நாள் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் வீட்டில் மூக்கைச் சிந்தியபோது பச்சையும் மஞ்சளுமாகக் கட்டிகட்டியாக வந்தது. சாயங்காலம் கட்டிலில் சாய்ந்தவர் துள்ளி எழுந்தார்.

"இந்தா, இங்க வா! என்னவோ அழுகிக் கிடக்கு!"

கட்டிலுக்கு அடியில் தேடினார், அலமாரிக்குப் பின்னால் தேடினார். வாசற்படியில் வந்து நின்ற மனைவி தேடவே இல்லை. தலையணையைக் கையால் காட்டினாள்.

எடுத்து முகர்ந்தார். அதிலிருந்துதான். தோளில் கிடந்த துண்டிலும் அதே நாற்றம். உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்த்தார். அதிலும்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு வருஷமா."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"முதல் வருஷமே சொன்னேங்க. மோந்து பாத்தே சம்பாதிக்கிறவனுக்கு நீ நாத்தம் சொல்லித் தர்றியான்னு எகிறினீங்க. அப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கறேன்? செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தார். எலியைப் பார்த்துக்கூட இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. தலையணையைத் தூக்கிப் போட்டார். துண்டுகளைத் தன் கையாலேயே வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தார். மனைவி தொட வந்தபோது, "நீ தொடாதே" என்றார்.

மிச்ச நாட்களும் சிகிச்சைக்குப் போய்வந்தார். வாசனை அரைகுறையாகத்தான் திரும்பியது. நாற்றமெல்லாம் சட்டென்று ஏறுகிறது. சோப்பு வாசனை இன்னும் எட்டவில்லை. பழைய வேலைக்கு வரச்சொல்லி மேஸ்திரி கூப்பிட்டபோது கையெடுத்துக் கும்பிட்டார்.

"என் நாத்தமே நாலு வருஷமா எனக்குத் தெரியலை. அடுத்தவன் குடிக்கற பாலுக்கு நான் எப்படி வாக்குக் கொடுக்கறது?"

இப்போதும் கேன்தான் கழுவுகிறார். புளித்த நுரை காலில் வழியும்போது ஒவ்வொரு நாளும் குமட்டுகிறது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கழுவுகிறார்.