என் பெயரில் பதிந்த மகளின் எழுத்தகம்

என் இளைய மகளுக்கு எழுத்துத்தான் தொழில் என்று சொன்னால் எங்கள் ஊரில் உடனே வரும் கேள்வி, "எந்தப் பள்ளிக்கூடத்துல படிப்பிக்கா?" என்பதாக இருக்கும். அவள் படிப்பிக்கவில்லை. கம்பெனிகளின் இணையத்தளங்களுக்குத் தமிழில் எழுதுகிறாள், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், தையல் மிசின் பூட்டிப் பொருத்தும் முறை, வங்கியின் கைநூல் எல்லாம் அவள் எழுதி எங்கெங்கோ அச்சாகின்றன. கல்முனையில் எங்கள் வீட்டின் பின்பக்கம், சமைக்கும் குசினிக்கு அடுத்திருக்கும் சின்ன அறையில் இருந்து எழுதுகிறாள்.

முன்னால் இருக்கும் பெரிய அறை என்னுடையது. நான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், சமாதான நீதவானும்கூட. ஆகவே ஆவணங்களில் கையொப்பமும் முத்திரையும் வாங்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மகள் வந்து தேத்தண்ணி வைத்துவிட்டுப் பின்னறைக்குத் திரும்பி, விட்ட வசனத்தை நடுவிலிருந்தே பிடித்துக்கொள்வாள். நான் பாடசாலை அறிக்கை எழுதிய காலத்தில் வாசலில் ஒருவர் இருமினாலே எனக்கு வசனம் ஓடிவிடும். அவளுடைய அந்தத் திறமையைப் பார்த்து உள்ளுக்குள் வியந்திருக்கிறேன். வாயால் சொன்னதில்லை.

கொழும்புக் கம்பெனி ஒன்று ஒரு வருடத்துக்கான தமிழ் வேலை முழுவதையும் அவளுக்குக் கொடுக்க முன்வந்தது. பதிவுசெய்த நிறுவனத்தோடு மட்டும்தான் ஒப்பந்தம் செய்வோம், அதன் உரிமையாளர் மாத முடிவுக்குள் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும் என்றார்கள். தனியாளாக அங்குமிங்கும் எழுதிக்கொண்டிருந்த அவளுக்கு இது பெரிய வாசல்.

பெயர் வைக்கும் பேச்சு சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. என் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, முன்னால் 'அல்' போட்டு ஒன்று சொன்னேன்.

"அல்லாவே, ஆட்டிறைச்சிக் கடைக்கு வெக்கிற பேர் மாதிரி இரிக்கி," என்றாள் என் மனைவி.

மகள் 'மை' என்று சொல்லிப் பார்த்தாள்.

"வேணாங்கா மகள். களவு போன சாமானுக்கு மை போட்டுப் பாக்கிற இடமெண்டு நினச்சி சனம் வந்து குந்திரும்."

"வந்தா அவங்களுக்கும் பொலிசுக்கு ஒரு முறைப்பாடு எழுதிக் குடுப்பம் உம்மா."

கடைசியில் அவளே முடிவாகச் சொன்னாள்: 'பின்னறை எழுத்தகம்'. எனக்குச் சுருக்கென்றது.

"ஆக்கள் என்ன கதைப்பாங்க? வாப்பா முன்னுக்கு ராசா மாதிரி இருந்துக்கிட்டு மகளப் பின்னுக்குப் போட்டுட்டான் எண்டுதானே?"

"நான் பின்னுக்கு இருந்துதானே வாப்பா எழுதுறன். பொய்யா ஒரு பேர் என்னத்துக்கு?"

பதிவு பற்றி நான் விளக்கம் சொல்ல வாயெடுக்கும்முன் அவள் எல்லாவற்றையும் வாசித்து முடித்திருந்தாள். சொந்தப் பெயர் அல்லாத பெயரில் தொழில் செய்தால் பதிய வேண்டும், கிராம சேவகர் இடத்தை உறுதிப்படுத்த வேண்டும், இடம் வேறொருவருடையது என்றால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். படிவத்தையும் தன் கையால் நிரப்பி வைத்தாள். அந்தச் சம்மதக் கடிதத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்குச் சாய்ந்தமருதில் வீடு கட்டி, அவள் பெயரில் உறுதிப் பத்திரமும் எழுதிவிட்டேன். இளையவளுக்கு நாங்கள் இருக்கும் இந்த வீடுதான் என்று நிக்காஹ் சபையில் எல்லோரும் கேட்கச் சொன்னேன். சொன்னதோடு சரி, உறுதி எழுதவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன். எழுதிக் கொடுத்த மறுநாளிலிருந்து நான் மகள் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு கிழவனாகிவிடுவேன் என்ற பயம் எனக்கு. 'இந்த வீட்டின் உரிமையாளராகிய நான்' என்று கடிதம் எழுதினால் அது கிராம சேவகரின் கைக்குப் போகும். அவர் கட்டாரில் வேலை செய்யும் என் இளைய மருமகனின் சாச்சி மகன், நெருங்கிய சொந்தம். சபையில் கொடுத்த வீட்டை இவர் இன்னும் கொடுக்கவில்லை என்பது அன்றைக்கே சம்பந்திவீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"நீ வெயிலுக்குள்ள போய் வரிசையில நிக்க வேணா கிளி. நான் போனாக் கதிரை தருவாங்க," என்று படிவத்தை வாங்கிக்கொண்டேன். அவள் நிரப்பியதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் புதிய படிவம் ஒன்றில் என் பெயரையே உரிமையாளர் என்று எழுதினேன். நிறுவனத்தின் பெயரையும் மாற்றி என் பெயரை அதன் தலையில் வைத்தேன். நான் இருக்கும் வீட்டில் என் தொழில் என்று போனால் சம்மதக் கடிதம் தேவைப்படாது, வீடு யார் பெயரில் என்ற பேச்சும் வராது. கிராம சேவகரும் ஒன்றும் கேட்காமல் ஒப்பமிட்டார். பிரதேச செயலகத்தில் கவுண்டரில் இருந்தவர் என் பழைய மாணவர்.

"சேர் இப்ப எழுத்தும் தொடங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

வாப்பா வேறு மகள் வேறா என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் பெயர்ப்பலகையில் என் பெயரைக் கற்பனை செய்தபோது ஒரு சந்தோசமும் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

சான்றிதழ் கிடைத்த அன்று அதை மகளின் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். திரும்ப ஒருமுறை வாசித்தாள்.

"இது உங்கட கந்தோர் வாப்பா. எனக்கு இதுல என்ன வேலை தரப் போறீங்க? தேத்தண்ணி ஊத்துறதா?"

"வாப்பாட பேர் இருந்தா மதிப்புத்தானே மகள்."

"ஒப்பந்தத்துல ஒப்பம் வெக்கிறது ஆரு? உரிமையாளர். தையல் மிசினுக்கு நூல் கோக்கிற பக்கத்த எழுதப் போறதும் நீங்கதானா?"

குசினியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இவருக்கு ஊசியில நூல் கோக்கவே கண் தெரியாது," என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மகள் பின்னறைக்குள் போனாள். தட்டச்சுச் சத்தம் கேட்டது. கம்பெனிக்கு முடியாது என்று எழுதுகிறாள் என்றே நினைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டு தாள்களோடு வந்தாள். ஒன்று, நான் பதிந்த வியாபாரத்தை நிறுத்துவதாக நான் கொடுக்க வேண்டிய அறிவித்தல். மற்றது, அவளுக்கு நான் கொடுக்க வேண்டிய சம்மதக் கடிதம். இரண்டிலும் ஒரு சொல் கூடுதலில்லை, கோபத்தின் சாடையுமில்லை. அப்படியொரு கோபத்துக்குள் இருந்து இப்படி எழுத என்னால் ஒருநாளும் முடிந்திராது.

"முதலாவதுக்கு ஒப்பம் வைங்க. ரெண்டாவது உங்கட விருப்பம். வைக்காட்டி, டெயிலர் கடைக்கு மேல அறை ஒண்டு இரிக்கி. கேட்டுட்டன்."

அப்போதுதான் சொன்னேன். "கிராம சேவகர் இதப் பாத்தா, வீடு இன்னும் என்ட பேர்ல இரிக்கிறது உன்ட மாமிக்குத் தெரிய வந்திரும்."

"மாமிக்குத் தெரியும்."

"என்னது?"

"உங்கட மருமகனுக்கும் தெரியும். வீட்டுச் சோலைவரித் துண்டு உங்கட பேர்லதானே வருகுது, அதக் கட்டுறது நான்தானே. மாமி வந்து உங்களுக்கிட்டக் கேக்கணுமெண்டுதான் நிண்டவ. நான்தான் மறிச்ச. வாப்பாவாக் குடுக்கட்டும், கேட்டு வாங்கினதா இருக்க வேணாமெண்டு சொன்ன."

கலியாணம் முடிந்த நாளிலிருந்து நான் ஒளித்துவைத்திருப்பதாக நினைத்த ஒன்றை அவள் எனக்காகத் தாங்கிக்கொண்டு, அதே வீட்டில் எனக்குத் தேத்தண்ணியும் ஊற்றித் தந்திருக்கிறாள். இரண்டு தாளிலும் ஒப்பமிட்டேன்.

இம்முறை பிரதேச செயலகத்துக்கு அவளோடு போனேன். வரிசையில் நின்றோம். என்னைக் கண்ட பழைய மாணவர் உரக்கவே கேட்டார்:

"என்ன சேர், தொடங்கின கையோட மூடுறீங்க? நட்டமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இது மகள்ட தொழில் தம்பி. பிழையா என்ட பேர்ல எழுதிட்டன்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அந்தச் சொல்லும் பொய்யாக நின்றது.

"பிழையா இல்ல," என்றேன். "தெரிஞ்சுதான் எழுதின. வீடு அவட சீதனம். உறுதி எழுதிக் குடுக்காம வெச்சிருந்த. அத மறைக்கத்தான்."

வரிசையில் சிரிப்பு நின்றது. பழைய மாணவர் தலையைக் குனிந்து மகளின் படிவத்தை எடுத்தார்.

"என்ன தொழில் எண்டு போடுற தங்கச்சி? பெட்டிசம் எழுதுறதா?"

"கேட்டா அதையும் எழுதுவன். கம்பெனிகளுக்கு எழுதுறதும் மொழிபெயர்ப்பும் எண்டு போடுங்க."

"பேர்... பின்னறை எழுத்தகம். இப்பிடி ஒரு பேர் இஞ்ச வந்ததே இல்ல. நல்லாத்தான் இரிக்கி."

ஓட்டோவில் திரும்பும்போது, உறுதி எழுத நாளைக்கே நொத்தாரிசிடம் போகிறேன் என்று சொன்னேன். அவள் கைப்பேசியில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"போகக்குள்ள உம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. உங்க ரெண்டு பேருக்கும் சீவிய உரித்து வெச்சி எழுதச் சொல்லுங்க. அது இல்லாட்டி நான் அந்த உறுதிய வாங்க மாட்டன்."

வீடு அவளுடையதாகும், ஆனால் நாங்கள் மவுத்தாகும் வரை எங்களை அங்கிருந்து யாரும் எழுப்ப முடியாது. அதுதான் சீவிய உரித்து. என் பயத்தை நான் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. என்னைப் பார்த்தே அதைப் படித்திருக்கிறாள்.

மாத முடிவுக்கு முன்பே சான்றிதழ் வந்தது. கொழும்பு ஒப்பந்தத்தை அச்செடுத்து, பின்னறை மேசையில் வைத்து, 'உரிமையாளர்' என்ற சொல்லுக்கு மேல் மகள் கையொப்பமிட்டாள். கீழே சாட்சிக்கும் ஒருவர் தேவைப்பட்டது. முத்திரையும் பேனாவுமாக நான் முன்னறையில்தான் இருந்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை.

"உம்மா, இஞ்ச ஒருக்கா வாங்க."

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. "எங்க வெக்கிற?" என்று கேட்டாள். மகள் இடத்தைக் காட்டினாள்.