பாடாத குட்டி ஸ்பீக்கர்

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து லாரி பார்சலில் எனக்கு ஒரு ஸ்பீக்கர் வந்தது. முழு ஸ்பீக்கர் அல்ல, நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய உதிரிகள். இடுப்புயரம் நிற்கும் பெட்டிக்கு அறுத்த பலகைகள், பெரிது, நடுத்தரம், குட்டி என்று மூன்று ஸ்பீக்கர்கள், கொஞ்சம் ஒயர், காயில், கண்டென்சர், படம் போட்ட ஒரு தாள். தாளிலிருந்த இங்கிலீஷ் எனக்கு அரைகுறை. படம் புரிந்தது, அது போதும் என்று நினைத்தேன்.

இந்த வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் என் மனைவி. அப்போது நான் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். "உங்களுக்குக் காது மந்தமாயிட்டு" என்று ஒரு வருடமாக அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்கும்போதெல்லாம் கோபம் பொத்துக்கொண்டு வரும். அடுப்படிக்குள் நின்று முணுமுணுத்தால் யாருக்குத்தான் கேட்கும்? தறியில் ஒரு ஆணி தளர்ந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், எனக்கா மந்தம்? வீட்டில் பாட்டு மங்கலாகக் கேட்டது உண்மைதான். அது வீட்டிலிருந்த பழைய ஓட்டை ஸ்பீக்கரின் குற்றம். நல்ல ஸ்பீக்கர் ஒன்று வந்துவிட்டால் அவள் வாய் அடைபடும் என்று கணக்குப் போட்டேன்.

தன் தங்கையின் பிரசவத்துக்காக அவள் வாசுதேவநல்லூர் போயிருந்த நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன். பலகைகளைப் பசை போட்டு ஒட்டி, காயும்வரை தறிக்கூடத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். பெட்டிக்குள் பஞ்சு அடைக்கத் தாளில் சொல்லியிருந்தது. நம் ஊரில் கழிவு நூலுக்கா பஞ்சம்? அதையே அடைத்தேன். ஒயர்களையெல்லாம் ஈயத்தால் பற்றவைத்து டேப்பைப் போட்டதும் பெரியது தொம் தொம் என்று அதிர்ந்ததில் தண்ணீர்க் குடத்தின் மூடி ஆடியது. நடுவில் இருந்தது கணீரென்று பாடியது. உச்சியில் இருந்த குட்டி மட்டும் வாயே திறக்கவில்லை.

ஒயரை மாற்றிப் போட்டேன். கண்டென்சரை மாற்றினேன். கழிவு நூல்தான் சத்தத்தைக் குடிக்கிறது என்று சந்தேகப்பட்டு அத்தனையையும் உருவி வெளியே போட்டேன். குட்டியைத் தனியாகக் கழற்றி டார்ச் லைட் பேட்டரிக் கட்டையைத் தொட்டு வைத்தால் 'டிக்' என்று பதில் சொன்னது. ஆக, உயிர் இருக்கிறது. உயிர் இருந்தால் ஏன் பாடவில்லை? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தறியில் நிற்கும்போதும் அதே யோசனைதான்.

என்னோடு தறி ஓட்டிய நான்கு பேரை லீவு நாளில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒவ்வொருவராகக் குட்டியின்மேல் காதை ஒட்டிவைத்துக் கேட்டார்கள். ஒவ்வொருவராக உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இது செத்துப் போச்சு வே" என்றார் மூத்தவர். "மெட்ராஸ்காரன் உம்ம தலையில நல்லா மொளகா அரைச்சிட்டான்."

மனசு கேட்காமல் குட்டியைப் பையில் போட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ரேடியோக்கடைக்குக் கொண்டுபோனேன். கடை அண்ணாச்சி அதை ஒரு டேப்போடு இணைத்தார். "ஒழுங்காத்தான பாடுது?" என்றார்.

"எங்கன பாடுது?"

"இந்தா, இங்கனதான். நல்லாக் கேளும் வே."

எனக்குக் கேட்டதெல்லாம் ராஜபாளையம் பஸ்ஸின் உறுமல்தான். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேலை செய்யச் சோம்பல்பட்டுப் புளுகுகிறார் என்று நினைத்துக் குட்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். நான்கு பேர் சொன்னதை நம்புவதா, இவர் ஒருவர் சொன்னதை நம்புவதா? குட்டியை மறுபடி அதன் இடத்திலேயே பூட்டினேன். குழப்பம் மட்டும் தீரவில்லை.

மனைவி ஊரிலிருந்து வந்த அன்று டேப் ஓடிக்கொண்டிருந்தது. பையைக்கூட இறக்காமல் நின்று பெட்டியைப் பார்த்தாள்.

"மேல இருக்க சின்னது ஏன் இப்படிக் கத்துது? கொஞ்சம் கொறைங்க, காது கூசுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது செத்துக் கெடக்கு ஏட்டி. நாலு பேரு பாத்தாச்சு."

"செத்ததா? தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி சுர்ருசுர்ருன்னு கேக்குதே!"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். பெட்டிக்குப் பின்னால் போய்க் குட்டியின் ஒயரைக் கழற்றுவதும் தொடுவதுமாக, "இப்ப பாடுதா? இப்ப?" என்று கேட்டாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. தோற்க மனமில்லாமல், "இப்ப பாடுது" என்று குத்துமதிப்பாக ஒருமுறை சொன்னேன்.

"ஒயரு என் கையில இருக்கு" என்றாள்.

இன்னும் சிலமுறை செய்து பார்த்தோம். பிறகு டேப்பை நிறுத்தினாள். 'நான் அப்பவே சொன்னேன்லா' என்பாள், பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று வார்த்தையைத் தேடிக்கொண்டு திரும்பினேன். ஒரு வருடமாக அதைச் சொல்லத்தானே காத்திருந்தாள். ஆனால் அவள் ஒயரைக் கீழே வைத்தாள்.

"பஸ் எரைச்சல் எனக்குத்தான் இன்னும் காதுக்குள்ள நிக்கு போல. நீங்க சொன்னது சரிதான். அது செத்துத்தான் போச்சு, கழத்தி வச்சிருங்க."

காதை ஒட்டிவைத்துக் கேட்ட அந்த நான்கு பேரும் என்னைப் போலவே தறிச் சத்தத்தில் நிற்பவர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது செத்துப் போச்சு என்பதையும் அவள் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, சத்தமாகத்தான் சொன்னாள்.