தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

முதலில் கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றாள் என் சின்னம்மா சந்தனமரி. பிறகு மூன்று ராஜாக்கள் திருநாள் வரை பொறுக்கச் சொன்னாள். கடைசியில் பிப்ரவரி மாதத்து மெழுகுதிரித் திருநாள் வரை தவணை கேட்டாள். கோலார் தங்கவயலிலிருந்து அவளுடைய கணவர் இன்பராஜ் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். சுரங்கத்தில் பல வருடம் வேலை பார்த்து, ஒண்டி ஆட்களின் கொட்டடியில் படுத்துக் கிடந்தவருக்கு அந்த 1943ஆம் வருடத்தில்தான் குடும்பத்தோடு இருக்க வீடு கிடைத்திருந்தது. வீடு காலியாகக் கிடந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சின்னம்மா மதுரையில் கன்னியர் நடத்திய ஆஸ்பத்திரியில் பிரசவ வேலை கற்றவள். கல்யாணம் முடிந்து பாலவனத்தத்துக்கு வந்த பிறகு சுற்றுவட்டாரத்தில் அவள் கை படாமல் பிறந்த பிள்ளை குறைவு. வீட்டை ஒட்டி ஓடு போட்ட சிறு கோயில் ஒன்று இருந்தது. சாமியார் பெரிய திருநாள்களுக்கு மட்டும் வண்டியில் வருவார். உபதேசியார் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், மற்ற நாள்களில் செபம் சொல்வதும் அந்தந்தத் திருநாளுக்குரிய தியானத்தை வாசிப்பதும் அவள் பொறுப்பாகிவிட்டன. எழுத்துக்கூட்டாமல் படிக்க அங்கே வேறு ஆள் இல்லை.

நான் யுத்தத்துக்குத் தப்பி ரங்கூனிலிருந்து நடந்து வந்து, கல்கத்தாவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அந்த மார்கழியில்தான் அவள் வீட்டுக்கு வந்தேன். கரிசல் வெடித்துக் கிடந்தது. எந்தப் பக்கம் நடந்தாலும் கண்ணுக்கு எட்டியவரை ஒரே மாதிரி பூமி. அவள் எப்போது கிளம்புவாள், நானும் அவளோடு ரயில் ஏறலாம் என்று காத்திருந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று நெசவாளர் தெருவில் சௌடப்பன் மனைவி வெங்கடம்மாளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. முன்னால் பெற்ற பிள்ளைகள் ஒன்றும் தங்காத வீடு. மாசில்லாக் குழந்தைகளின் திருநாள் காலையில் சின்னம்மா கோயிலில் வாசித்துக்கொண்டிருந்தாள். ஏரோதின் சேவகர் வெட்டிய அந்தக் குழந்தைகள் ஒரு வார்த்தையும் பேசி வேதசாட்சியாகவில்லை; கேட்காமலே மோட்சம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது என்ற இடத்துக்கு வந்தபோது வாசலில் ஆள் வந்து நின்றது. பிள்ளைக்கு இழுப்பு கண்டிருந்தது.

நானும் உடன் போனேன். பிள்ளை நீலம் பாய்ந்து, முதுகு வில்லாக வளைந்து கிடந்தது. வெங்கடம்மாள் சுவரோடு சுவராகச் சாய்ந்து மயங்கியிருந்தாள். சின்னம்மா பெண்களை வெந்நீர் போடச் சொல்லி வெளியே அனுப்பினாள். பிறகு செம்பிலிருந்து தண்ணீரைக் கையில் எடுத்துப் பிள்ளையின் தலையில் ஊற்றினாள். "சூசையே, பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்." சூசை என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள்; உதடு மட்டும் அசைந்தது. வாசலில் நின்ற எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது கேட்டேன். "அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா சின்னம்மா?"

"கேட்டுக்கிட்டு நின்னா உசுரு நிக்குமா புள்ள? சாகப்போற பிள்ளைக்கு வாசலைத் தொறந்துவிட்டேன். சாயந்தரம் சேதி வரும் பாரு."

சாயந்தரம் சேதி வந்தது. பிள்ளை பால் குடித்ததாம்.

பிள்ளை பிழைத்ததற்குக் கலங்கிய மருத்துவச்சியை அன்றுதான் பார்த்தேன். செத்திருந்தால் மோட்சத்தில் சம்மனசு. பிழைத்ததால் கிறிஸ்தவன். ஞானஸ்நானம் பெற்றவனை வேதத்தில் வளர்க்கவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றியவளே கணக்குச் சொல்லவேண்டும் என்று அவளுக்குக் கற்பித்திருந்தார்கள். சொன்னால் நெசவாளர் தெரு அவளைப் பிள்ளை திருடி என்று சொல்லும். கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் பாதி அந்தத் தெருவுக்குத்தான் நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தன.

வருடப் பிறப்பன்று விருத்தசேதனத் திருநாள். பாலன் முதல் இரத்தம் சிந்திப் பெயர் பெற்றதை வாசித்தாள். பெயரைக் கொடுத்தவர் அந்தப் பெயருக்குரியவனைக் கைவிடுவதில்லை என்ற வரியை இரண்டு தடவை வாசித்தாள். கேட்டவர்கள் அவளுடைய பக்தி என்று நினைத்தார்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்குச் சாமியார் வந்தார். ராஜாக்கள் ஏரோதிடம் திரும்பாமல் வேறு வழியாகத் தங்கள் நாட்டுக்குப் போனார்கள், பாலனைக் கண்டவனுக்கு எப்போதும் இன்னொரு வழி உண்டு என்று பிரசங்கம் செய்தார். பூசை முடிந்ததும் சின்னம்மா வண்டியடியில் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆபத்தில் செய்தாய், குற்றமில்லை," என்றார் அவர். "ஆனால் பிள்ளை இருக்கிறான். நீ அவனுக்கு ஞானத்தாய்."

"சாமி, எங்க வீட்டுக்காரவுக கூப்பிட்டுக்கிட்டே இருக்காக. நான் கோலாருக்குப் போகணும்."

"பெற்றவளிடம் சொல்லிவிட்டுப் போ. அதன் பிறகு அவள் பாடு, கோயிலின் பாடு. சொல்ல முடியாதென்றால் இங்கேயே இருந்து அவனைப் பார்த்துக்கொள்."

வண்டி போய்விட்டது. சொல்லவும் வாய் வரவில்லை, கிளம்பவும் கால் வரவில்லை. தினமும் பிள்ளையைக் குளிப்பாட்டப் போவாள். சொல்லத்தான் போகிறேன் என்று போய், எண்ணெய் நாற்றத்தோடு திரும்பி வருவாள். "இன்னைக்கு அவ மாமியா இருந்தா," என்பாள். மறுநாள், "இன்னைக்கு அவ சிரிச்சுக்கிட்டு இருந்தா." எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ரயில் எல்லா ஊருக்கும் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கை தண்ணீர் ஒரு மனுஷியை இப்படிக் கட்டிப்போடுமா?

மெழுகுதிரித் திருநாளுக்கு இன்பராஜ் சித்தப்பாவே வந்துவிட்டார். தேவமாதா பிள்ளையை ஆலயத்தில் ஒப்புக்கொடுத்து, புறாக்களைக் காணிக்கை வைத்துவிட்டு மறுபடியும் மடியில் வாங்கிக்கொண்டாள் என்று சாமியார் அன்று பிரசங்கித்தார். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். தகரப்பெட்டியில் இரண்டு பேருடைய துணியும் ஒன்றாக இருந்தது. விருதுநகர் ஸ்டேஷனுக்குச் சித்தப்பா வண்டி பேசி நிறுத்தியிருந்தார். இப்போது பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"போற வழியில சொல்லிட்டுப் போயிருவோம்," என்றாள் சின்னம்மா.

அதற்கு முன்னால் வெங்கடம்மாளே வந்துவிட்டாள். தீட்டுக் கழிந்து தலை முழுகி, பிள்ளையை ஒரு முறத்தில் கிடத்தித் தூக்கி வந்தாள். எங்கள் வாசலில் முறத்தை இறக்கினாள்.

"மருத்துவச்சியக்கா, ஒரு கை தவிடு போட்டு இவனை வாங்கிக்கிடுங்க. எம் பிள்ளைன்னு இருந்தாத் தங்காது. உங்க பிள்ளைன்னு இருக்கட்டும். தவிட்டான்னு கூப்பிட்டுட்டுப் போறோம்."

பிள்ளை தங்காத வீடுகளில் செய்வதுதான். விற்றதாகப் பேர் பண்ணி, வாங்கியவளிடம் இரவல் வாங்கி வளர்ப்பார்கள். வாங்கியவள் நல்லநாளுக்குத் துணி எடுத்துப் போட்டு, உடம்புக்கு ஆகாவிட்டால் ஓடிவந்து, கண் மறைவாகாமல் இருக்கவேண்டும்.

"நான் இன்னைக்கு ஊருக்குப் போறேனே தாயி."

"யாரு போக விட்டா? பெட்டியைக் கட்டுற இவுகளா?" என்று சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணே, அங்க தங்கத்துல சட்டி செஞ்சா ஆக்கித் திங்கிறீக? அவுகளை விட்டுட்டுப் போங்க."

சின்னம்மா முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள். தவிட்டை எடுக்கவில்லை.

"ஏற்கெனவே எடுத்துக்கிட்டதை எப்படித் தாயி நான் வாங்குவேன்?" என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டாள். செம்புத் தண்ணீர், சொன்ன சொல், வைத்த பெயர், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அடி விழும் என்று நானும் எதிர்பார்த்தேன்.

வெங்கடம்மாள் முறத்தின் பக்கம் குனிந்தாள். பிள்ளையின் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தாள்.

"நான் மயங்கிக் கிடக்கும்போதா?"

"ஆமா."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா, குடமா ஊத்துங்கன்னு சொல்லியிருப்பேன். சௌடம்மனுக்கு நேந்தேன். கேக்கல. குருநாத சாமிக்கு நேந்தேன். கேக்கல. உங்க சாமி தண்ணிதான் கேட்டுச்சு போல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதெப்படி, தண்ணிய ஊத்தி இழுத்துப் பிடிச்சிட்டு நீங்க மட்டும் கோலாருக்குப் போவீக? நாளைக்கு அந்தச் சாமி வந்து என் பிள்ளை எங்கன்னு கேட்டா, எனக்கு என்ன பாஷையில பதில் சொல்லத் தெரியும்? நீங்கதான் சொல்லணும். போடுங்க தவிட்டை."

சொல்லிவிட்டால் போகலாம் என்று சாமியார் காட்டிய வழி அந்த வாசலிலேயே அடைபட்டது. வெங்கடம்மாள் கோபப்பட்டிருந்தால் சின்னம்மா அன்று ரயில் ஏறியிருப்பாள். திட்டு வாங்கிக்கொண்டு போவது எளிது.

"ஏங்க," என்று திரும்பிப் பார்த்தாள்.

சித்தப்பா அவளையும் முறத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னை என்னளா கேக்குற?" என்றார். "உனக்குத்தான் தெரிஞ்சு போச்சே."

அவள் எழுந்து உள்ளே போய், கோழிக்கு வைத்திருந்த வரகுத் தவிட்டில் ஒரு கை அள்ளி வந்து வெங்கடம்மாளின் முந்தானையில் போட்டாள். பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டாள். சந்தோஷமா, அழுகையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. பால் தேடிப் பிள்ளை அவள் மார்பைத் துழாவியது. அவளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

வண்டிக்காரன் நேரமாகிறது என்று கத்தினான். சித்தப்பா பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். அவளுடைய சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். தன் சட்டைகளையும் தம்ளரையும் மட்டும் உள்ளே அடுக்கி மறுபடியும் கட்டினார். பெட்டி பாதி காலி. தூக்கியபோது உள்ளே தம்ளர் உருண்ட சத்தம் வண்டிவரைக்கும் கேட்டது.