காட்டுமாட்டிடம் லீவு கேட்டவரின் மகன்

ரதீஷ் திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்தான். ஊர் எது என்று யாராவது கேட்டால் விதுரா என்பான். அது முழுப் பொய் இல்லை. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பஸ் விதுரா வழியாகத்தான் வரும். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன், வீட்டில் பேசுவது தமிழ் என்பதெல்லாம் ஹாஸ்டலில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் 'பாண்டி' என்று கூப்பிட்டுக் கேலி செய்தது போதும் என்று, கல்லூரிக்கு வந்த முதல் நாளே சுத்தமான மலையாளியாகிவிட்டான். பெயரும் அதற்கு வசதியாக இருந்தது.

பல்கலைக்கழகக் கலைவிழா நெருங்கியது. அதன் கீழுள்ள கல்லூரிகள் எல்லாம் ஒரே கோப்பைக்கு அடித்துக்கொள்ளும் காலம். மேடைக்காக பெஞ்சு தூக்கிக்கொண்டு போனபோது எதிர்முனையைப் பிடித்தவன் கைவிட்டுவிட்டான். பெஞ்சு ரதீஷின் கால் விரலில் இறங்கியது.

"ஐயய்யோ எம்மா! காலு போச்சே! கண்ணு பொடதியிலயால இருக்கு ஒனக்கு?"

மாணவர் யூனியனின் கலைச் செயலாளர் ஜினி ஓடி வந்தாள். அவள் காலைப் பார்க்கவே இல்லை; தமிழ் தெரியுமா என்றுதான் கேட்டாள்.

"எடா, நினக்கு தமிழ் அறியாமோ?"

"இல்ல சேச்சி. சினிமா பார்த்து..."

"ஒரு சினிமாலும் இத்தர நல்ல தமிழ் இல்லடா."

தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு அவர்கள் கல்லூரியிலிருந்து ஆள் அனுப்பியதே கிடையாது. அந்தப் புள்ளிகளையெல்லாம் ஒரு பெண்கள் கல்லூரி சும்மா அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. ரதீஷ் நொண்டியபடி மறுத்தான். ஜினி கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் அவன் தமிழன் என்பது கேன்டீன் வரை தெரிந்துபோயிற்று. கேலி செய்வார்கள் என்று பயந்திருந்தான். சப்ளையர்கூட 'ஆல் தி பெஸ்ட்' சொல்லிக் கூடுதலாக ஒரு பழம்பொரி வைத்தார். அது கேலியைவிடக் கலவரமாக இருந்தது.

போட்டிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். மற்றவள் அந்தப் பெண்கள் கல்லூரியின் பிரிஸில்லா. தமிழ்நாட்டு எல்லையோரத்துப் பாறசாலைக்காரி, போதகரின் மகள். சபைக்கே கேட்கும் குரல் அவளுக்கு. 'காடும் மனிதனும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். அவள் ஏதேன் தோட்டத்தில் தொடங்கி, நோவாவின் பேழைக்கு எத்தனை மரம் வெட்டியிருப்பார்கள் என்று வருந்தி, கண்களை மூடி முடித்தபோது பின்வரிசையில் பாதிப்பேர் ஜெபம் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள்.

அடுத்து ரதீஷ். முந்தின நாள் மனப்பாடம் செய்த "இயற்கை அன்னையின் மடியில்" என்ற வரியோடு எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்ததைச் சொன்னான்.

"எங்க அப்பா ஒரு தடவ காட்டுமாட்டுகிட்ட லீவு கேட்டாரு."

அந்தக் கதையையே சொல்லத் தொடங்கினான்.

பனி மூடிய காலை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கறுப்பாக ஒருவர் அசையாமல் நிற்கிறார். சூப்பர்வைசர் நெல்லையப்பன்தான் என்று நினைத்து அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மச்சினன் கல்யாணத்துக்கு லீவு கேட்கிறார். பதிலுக்கு ஒரு பெருமூச்சு. "கோவிச்சுக்காதீங்கய்யா, ஒரே ஒரு நாளு" என்று கிட்டே போகிறார். இன்னொரு மூச்சு. அப்பாவுக்குச் சூடேறிவிட்டது. "நீரும் மனுசன்தானவே?" என்று கேட்டபோது பனி விலகியது.

மணி அடித்தது. ரதீஷ் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தது. அப்பா சரிவில் ஓடினார், வேட்டி ஒரு செடியோடு நின்றுவிட்டது, கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரம் மீறியதற்காக அவனைப் போட்டியிலிருந்து நீக்கினார்.

கோப்பை கைநழுவிப் போயிற்று. ஜினி பாய்ந்தாள்.

"பெல் அடிச்சது கேட்டில்லே?"

"கேட்டேன் சேச்சி. அப்பா அப்பதான் ஓட ஆரம்பிச்சிருந்தாரு."

முதல் பரிசோடு வந்த பிரிஸில்லா சொன்னாள்: "எங்க அப்பா பிரசங்கத்த ஒருத்தரும் இப்பிடி முழிச்சிருந்து கேட்டதில்ல, கேட்டியா."

யாரோ எடுத்த வீடியோ போனக்காடு போய்ச் சேர்ந்தது. அப்பா திரவியம் போன் செய்தார்.

"மாட்டுகிட்ட லீவு கேட்டது நெசந்தான். வேட்டி அவுந்தத ஏம்ல சொன்ன?"

"அதுக்குத்தான்பா ரொம்ப சிரிச்சாங்க."

"ரொம்பவா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நெல்லையப்பன் பாத்துட்டாராம். ஒன்னக் கூட்டிட்டு வரச் சொல்லுதாரு."

வேலையை விட்டபின் நெல்லையப்பன் கல்லாறு என்ற ஊரில் டீக்கடை வைத்திருந்தார். கறுத்த, பருத்த உருவம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பயந்துகொண்டே போய் நின்றார்கள். பொன்முடி மலைக்குச் சுற்றுலா போகும் கூட்டத்தால் கடை நிறைந்திருந்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சொல்லுல அந்தக் கதைய. எல்லாரும் கேக்கட்டும்."

ரதீஷ் வியர்த்தபடி தமிழிலேயே தொடங்கினான். பெருமூச்சு வரும் இடத்தில் மெதுவாக "உஸ்" என்றான்.

"நிறுத்து. காட்டுமாடு அப்பிடியா மூச்சு விடும்?" என்ற நெல்லையப்பன் அடுப்பை விட்டு வெளியே வந்தார். கால்களை அகட்டித் தலையைத் தாழ்த்தி, மூக்கால் அவர் விட்ட மூச்சில் முன்பெஞ்சில் இருந்தவரின் டீ தளும்பியது.

திரவியம் தன்னையறியாமல் இரண்டு கைகளாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.