சந்தனம் பூசிய தலை

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை மின்ரயிலில், வெயில் படாத பக்கமாகவே தேடி உட்காருவார் ஒரு பெண். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். கன்னங்களிலும் மூக்கின் மேலும் லேசான சிவப்பு. தலையில் அரை விரல் நீளத்துக்குத்தான் முடி. பேச்சுக்கு நடுவே குனிந்து, கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்துக்கொள்வார்.

"முருகனுக்கு மொட்டையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"லூபஸுங்க. அதுக்குத்தான் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போயிகினு வரேன். நம்ம உடம்பே நம்மள அடிக்கிற நோவு. முடி கொத்துக்கொத்தா கொட்டிச்சு. மலைக்குப் போயி மொட்ட போட்டு சந்தனம் பூசிகினேன். இந்த ஊர்ல மொட்டைக்கு யாரும் காரணம் கேக்க மாட்டாங்க." சிரித்தார். "நீங்கதான் கேட்டீங்க."

"இப்போ வளருதே."

"ஆங், வளந்துகினு இருக்குது. வலியும் இல்ல. ஆனா ரத்தத்துல, உடம்ப அடிக்கிற அந்த ஆன்டிபாடி ஏறிகினு இருக்குதாம். நோவு திரும்பலாம், கிட்னி கெட்டா காலு வீங்கும், பாக்கணும்னு டாக்டரு வரச்சொல்லிட்டாரு. திரும்பாமலும் போவலாமாம்." தலையைத் தடவிக்கொண்டார். "எத நம்பறதுங்க?"

குனிந்து கணுக்காலை அழுத்தினார்.

பிறகு அவரைப் பார்க்கவில்லை. மொட்டைத் தலைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஆனாலும் பிளாட்பாரத்தில் சந்தனம் பூசிய தலையோடு ஒரு பெண் முன்னால் போனால், அவருக்குத்தான் மறுபடி முடி கொட்டிவிட்டதோ என்று வேகமாக நடந்து முகத்தைப் பார்த்துவிடுகிறேன். அவர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அது எனக்கு வேண்டுதல் மொட்டையாகிறது.