உப்புக்காரி தீர்த்தம்மாளின் கருங்கல்

கம்பைநல்லூர்ச் சந்தையில் உப்பு விற்ற தீர்த்தம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் காது லேசுப்பட்டதல்ல. ஒரு ரூபாயைக் கருங்கல்மேல் ஒரே ஒரு தடவை சுண்டினால் போதும், நல்லதா கள்ளமா என்று சொல்லிவிடுவாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் எவனோ ஒருவன் ஈய ரூபாயைக் கொடுத்து ஒரு மூட்டை உப்பைக் கொண்டுபோய்விட்டான். அந்த ஆத்திரத்தில்தான் கல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்து போட்டாள். அதற்கப்புறம் பத்து வருஷம் அவளை யாரும் ஏமாற்றவில்லை. அதை அவளே நாலு பேரிடம் சொல்லுவாள். அடக்கம் அவளுக்கு வராது.

சித்தேரி மலையிலிருந்து புளியும் தேனும் சுமந்து இறங்குகிறவர்கள், வியாபாரி கொடுத்த பணத்தை முடிந்துகொள்ளும்முன் அவளிடம் நீட்டுவார்கள். சுண்டிப் பார்க்கக் கூலி கிடையாது. ஆனால் உப்பை அவளிடம்தான் வாங்கவேண்டும். வேறு இடத்தில் வாங்கிவிட்டால் அடுத்த வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்தொன்றாம் வருஷம், சந்தைக்குப் புது ரூபாய் வந்தது. சித்தேரி மல்லையன் அந்த வருஷத்துப் புளி முழுவதையும் விற்றுக் கையில் வாங்கிய இருபது ரூபாயை அவள் முன்னால் கொட்டினான். அத்தனையும் புதுசு. தீர்த்தம்மாள் ஒன்றைச் சுண்டினாள். கணீரென்று எழவேண்டிய சத்தம் பாதியிலேயே அமுங்கிப்போனது. இன்னொன்றைச் சுண்டினாள். அதுவும் அப்படியே.

"என்னாக்கா?" என்றான் மல்லையன்.

"கள்ளப் பணம்டா. இருபதும்."

மத்தியானத்துக்குள் சந்தை முழுக்க அதே பேச்சு. மலைக்காரர்கள் யாரும் புது ரூபாயை வாங்கவில்லை; கையில் இருந்ததையும் வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார்கள். பணம் கொடுத்த புளி வியாபாரி மட்டும் பெரிய மனசு பண்ணுகிறவன்போல் மல்லையனைக் கூப்பிட்டு, இருபதையும் திரும்ப வாங்கிக்கொண்டு பதினைந்து பழைய ரூபாய் கொடுத்தான். மல்லையன் அவனைக் கும்பிட்டுவிட்டு மலை ஏறினான்.

மூன்றாவது வாரம் மொரப்பூரில் ரயிலை விட்டிறங்கி, மாட்டுவண்டியில் ஒரு வெள்ளைக்காரர் சந்தைக்கு வந்தார். கூடவே தர்மபுரிக் கஜானா குமாஸ்தா சவுரியப்பன். சர்க்கார் ரூபாயைக் கள்ளம் என்று சொன்னவளை ஜெயிலுக்குக் கொண்டுபோக வந்திருக்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரி கண்ணைக் கசக்கினாள். தீர்த்தம்மாள் இடத்தைவிட்டு எழவில்லை.

"இவரு மெக்னாப் தொரை. மதராஸ்ல ரிசர்வ் பாங்குல பெரிய ஆபீசர்" என்றார் சவுரியப்பன். "அந்த ரூபாயைச் சுண்டிக் காட்டச் சொல்றாருங்க."

சுண்டினாள். "பாதிதான் வெள்ளி. மீதி என்னமோ கலந்திருக்குதுங்க. எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

இதை இங்கிலீஷில் சொல்வதற்குள் சவுரியப்பனுக்கு வேர்த்துவிட்டது. துரை ஒன்றும் கோபப்படவில்லை. உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து, அவள் சொன்னது சரி, இனிப் பாதி வெள்ளிதான் என்று சர்க்காரே சட்டம் போட்டிருக்கிறது என்றார். ஆனால் கஜானாவில் அதுவும் முழு ரூபாய்தான், பதினாறணா. அந்தப் புளி வியாபாரி மூட்டை மூட்டையாகப் புது ரூபாய் கொண்டுவந்து முழு விலைக்குத் தீர்வை கட்டினான். அத்தனையும் மலைக்காரர்களிடம் ரூபாய் பன்னிரண்டணாவுக்கு அள்ளியது என்று விசாரித்ததில் தெரிந்ததாம்.

தீர்த்தம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மல்லையனின் ஐந்து ரூபாயை அந்த வியாபாரி திருடவில்லை. இவள் வாய்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறது. அவளுக்கு அவமானமாக இருந்தது.

"பாதி வெள்ளியை முழு ரூபான்னு எப்படிங்க தொரே நம்புறது?" என்று கேட்டாள்.

துரை தன் கதையைச் சொன்னார். ஸ்காட்லாந்தில் கடலோரத்து ஊர். அப்பா மீனுக்கு உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைக்கிறவர். "அப்ப அவங்களும் உப்புக்காரங்கதான்" என்று குறுக்கே புகுந்தாள் தீர்த்தம்மாள். பதினைந்து வயசில் ஊர் பாங்கில் மசிக்கூடு நிரப்பும் வேலை. இருபத்திரண்டில் மதராசுக்குக் கப்பல். கணக்குப்பிள்ளை வேலையிலிருந்து படிப்படியாக ஏறி, ரிசர்வ் பாங்கு திறந்த வருஷம் அங்கே போய்ச் சேர்ந்தார். ஊருக்குத் திரும்பும் வயசு வந்துவிட்டது, ஆனால் யுத்தம் முடியும்வரை போவதாக இல்லை. அவர் அம்மாவிடம் தங்கக் காசை நீட்டினால் வேண்டாம் என்பாளாம். ஊர் பாங்கு போட்ட காகித நோட்டைத்தான் கேட்பாளாம். கதவைத் தட்டினால் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு காசு கொடுக்க பாங்கில் ஓர் ஆள் இருந்தார், அவரை அவளுக்குத் தெரியும்.

"இங்க கஜானா வாங்கிக்கும்னு சொல்றாரு" என்றார் சவுரியப்பன்.

"கஜானாவை மலைக்காரங்களுக்கு எங்கீங்க தெரியும்? அவங்களுக்கு என்னைத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு எழுந்தாள். தான் சொன்னது தப்பு என்று அவள் புருஷனிடம்கூட ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது சந்தை நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்: "நான் சொன்னது தப்பு! புது ரூபா நல்ல ரூபா! ஒரு ரூபாய்க்குப் பதினாறணா உப்பு நான் தர்றேன், எத்தனை வேணும்னாலும் கொண்டாங்க!" அங்கே இறக்கிப் போட்டிருந்த இரண்டு வண்டி உப்பும் அவள் பத்து வருஷத்துச் சம்பாத்தியம். துரை சொன்னது பொய்யாகிவிட்டால் அடுத்த வாரம் அவள் கூலிக்குப் போகவேண்டியதுதான். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

புளி வியாபாரி கடையைச் சீக்கிரமே கட்டிக்கொண்டு போனான். மலைக்காரர்கள் தள்ளியே நின்றார்கள், அவர்களோடு மல்லையனும். தீர்த்தம்மாள் துரையிடம் ஐந்து பழைய ரூபாயை நீட்டி, ஐந்து புது ரூபாயாக மாற்றிக்கொண்டு நேரே மல்லையனிடம் போனாள்.

"இந்தா. என் வாயால போன உன்னோட அஞ்சு ரூபா."

மல்லையன் கையில் வைத்துப் பார்த்தான். "சுண்டிக் காட்டுக்கா."

"சுண்டுனா முன்ன கேட்ட சத்தம்தான்டா கேக்கும். இனிமே கல்லைக் கேக்காத, என்னைக் கேளு."

அவன் நாலு ரூபாயை வேட்டியில் முடிந்துகொண்டான். மீந்த ஒன்றை அவளிடமே திருப்பி நீட்டினான். சுற்றி நின்ற அத்தனை பேரும் அவள் கையையே பார்த்தார்கள்.

"ஒரு ரூபாய்க்கு உப்புப் போடுக்கா" என்றான்.

தீர்த்தம்மாள் ரூபாயை வாங்கி, சுண்டிப் பார்க்காமல் இடுப்பில் செருகினாள். பதினாறணாவுக்கும் படியைத் தலைதட்டாமல், குவித்துக் குவித்து அளந்து போட்டாள்.