புளியமரத்துக்கு இரண்டு பக்கம்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. மெட்ராஸில் எம்.இ. படித்துக்கொண்டிருந்த நான், லீவுக்கு வந்து தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் மாட்டிக்கொண்டேன். கடிகாரத் துடிப்பு இல்லாமல் இயங்கும் டிஜிட்டல் சர்க்யூட்தான் என் ஆராய்ச்சி. அதில் எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக நேரம் சொல்ல எதுவும் கிடையாது. ஒரு பகுதி வேலையை முடித்துச் சேதி அனுப்பினால்தான் அடுத்தது தொடங்கும். எது எதன் சேதிக்குக் காத்திருக்க வேண்டும் என்று வரிசை போடுவதில் எனக்குத் திமிரே இருந்தது.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. மரம்வரை மாட்டுவண்டி, கட்டிலோடு தூக்கித் தாண்டினால் அந்தப் பக்கம் கார். அக்கா புருஷன் காரோடு அந்தப் பக்கத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கினார். திட்டம் என்னுடையது.

"காரு சும்மா நின்னா கல்லு வுடுவாங்க மாமா. எங்க வண்டி வந்துட்ச்சின்னு தெரிஞ்சப்புறம் எடுங்க" என்று அவரிடம் சொன்னேன். மறுநாள் அப்பாவிடம், "அக்காவ வெயில்ல போட்டுக்கினு நிக்க முடியாதுப்பா. காரு வந்துட்ச்சின்னு தெரிஞ்சதும் வண்டிய பூட்டலாம்" என்றேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல யோசனைதான். விசாரித்துக்கொள்ள, மரம் விழுந்து கிடந்த இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது.

காலையில் வலி எடுத்தது. எங்கள் பண்ணையாள் சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பினார். "காரு இன்னும் வர்லீங்க." சற்றுப் பொறுத்து மாமா அதே கடையில் வந்து கேட்டிருக்கிறார். வண்டி வரவில்லை என்று கேட்டுத் திரும்பிவிட்டார். இப்படியே மூன்று தடவை. நூறு பேர் விசாரிக்கும் இடத்தில் கடைக்காரர் எங்கள் ஆளையும் மாமாவையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க முடியுமா? கேட்டதற்கு உண்மையைச் சொன்னார்.

உள்ளே அக்கா கத்திக்கொண்டிருந்தாள். "சேதி வரட்டும்பா" என்று நான் வாசலை மறித்தேன். மதியத்துக்கு மேல் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுடா அந்தாண்ட!" என்று வண்டியைப் பூட்டினார்.

மரம் வெட்டிப் போட்டவர்களே ஓடிவந்து கட்டிலைத் தூக்கிவிட்டார்கள். அப்போதுதான் மறுபடியும் விசாரிக்க வந்திருந்த மாமா, எங்களைப் பார்த்ததும் காரை எடுக்க ஓடினார். ஆண் குழந்தை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் உயிரோடு எடுத்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

இரண்டு பகுதிகள் ஒன்றன் சேதிக்கு மற்றது காத்திருந்தால் இரண்டுமே அசையாது. ஆய்வேட்டில் இதற்கு ஓர் அத்தியாயமே எழுதி நல்ல பெயர் வாங்கினேன். மாமாவிடம் நான் சொன்னது அப்பாவுக்குத் தெரியாது, அப்பாவிடம் சொன்னது மாமாவுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் நான் மட்டுமே.

இன்றும் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது அக்கா சபிக்கிறாள். "மரத்த வெட்னவனுங்க நல்லா இருப்பானுங்களாடா? எம்புள்ளய கொன்னுட்டானுங்களே."

"ஆமாக்கா" என்கிறேன்.